முளைவிட ஓர் அறை வேண்டும்

ஒரு கஞ்சா விதையை இந்தியச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் போதும். இந்த நாடு மனிதர்களை எப்படி நடத்துகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டும்தான். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவுப் பொருட்களாக அங்கீகரித்தது. கஞ்சா இனத்துச் செடியின் விதை இன்று சத்துணவு என்ற பெயரில் ஆன்லைனில் விற்பனையாகிறது. அந்த இனத்தைச் சேர்ந்த உயிருள்ள ஒரு விதை யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் முளைவிட்டால் கதை மாறிவிடும். உரிமம் இல்லாமல் கஞ்சா இனத்துச் செடி எதை வளர்த்தாலும், சட்டத்தின் 20ஆம் பிரிவு 10 ஆண்டுவரை கடுங்காவல் என்கிறது. இரண்டு இலை விட்ட நாற்றில் பூவும் இல்லை, போதையும் இல்லை. சட்டப்படி அது இன்னும் ‘கஞ்சா’கூட இல்லை. ஆனாலும் வளர்த்தவர் குற்றவாளி.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இந்தப் பயிரில் அது தெரியாது. நார் எடுக்கும் ஹெம்ப்பும் போதை தரும் கஞ்சாவும் ஒரே இனம். நாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆணா பெண்ணா என்பது பூ எடுக்கும் பருவத்தில்தான் தெரியும். போதைச் சத்து எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்லும். முளையைப் பார்த்து எதுவும் தெரியாதபோது எதைப் பார்க்கிறார்கள்? தண்ணீர் ஊற்றிய கையைப் பார்க்கிறார்கள். அந்தக் கைக்கு ஓர் அறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அறைக்குள் கஞ்சா வளர்ப்பது பற்றி இணையத்தில் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. நம் முற்போக்கு நண்பர்கள் சிலரும் அதை ஒரு கலகம்போலப் பேசுகிறார்கள். அதற்கு என்னவெல்லாம் தேவை என்று பாருங்கள். விதை முளைக்க வெளிச்சம் வேண்டாம், ஈரமும் இளஞ்சூடும் போதும். முளைத்த பிறகுதான் பாடு. வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும். தண்ணீர் கூடினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் சரியும். பூக்காமல் வளர வேண்டுமென்றால் நாளுக்கு 18 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். காற்றுக்கு விசிறி வேண்டும், வாடை வெளியே போகாமல் இருக்கக் கூடாரம் வேண்டும். இத்தனையும் மூன்று நான்கு மாதம், யாரும் கதவைத் தட்டாத இடத்தில் நடக்க வேண்டும். விதை சில்லறை விஷயம். பெரிய முதலீடு அந்தக் கதவுதான்.

அந்தக் கதவை வைத்துத்தான் சட்டபூர்வமாக்கு என்ற வாதமும் கட்டப்படுகிறது. என் அறை, என் உடல், என் உரிமை என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2018இல் தனியுரிமையின் பெயரால்தான் தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கஞ்சா வளர்ப்பதைக் குற்றமில்லை என்றது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல், வயது வந்த ஒருவர் தன் வீட்டில் மூன்று செடிகள் வளர்க்கலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்து இங்கேயும் அதே வழியில் போகலாம் என்கிறார்கள். வாதம் தவறென்று நான் சொல்லவில்லை. அறை இல்லாதவருக்கு இந்த உரிமை எங்கே முளைக்கும் என்று கேட்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை நீளும் ஆலைத் தடத்துக்கு வாருங்கள். காரும் செல்போனும் டயரும் இங்கிருந்து உலகத்துக்குப் போகின்றன. அவற்றைச் செய்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? என் ஆய்வுக்காக இங்கே வாடகை அறைகளுக்குள் போய்வருகிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். பகல் ஷிப்ட் போனவர் பாயில் நைட் ஷிப்ட் முடித்தவர் படுக்கிறார். அறை கேட்டுப் போனால் முதல் கேள்வி எந்த ஊரு, இரண்டாவது கேள்வி என்ன ஆளுங்க. இரண்டாவதற்குப் பதில் சொன்னதும் காலியாக இருந்த அறை நிரம்பிவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு முதல் கேள்வியிலேயே கதவு சாத்தப்படுகிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்கள் எப்படிப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பது வெளி உலகத்துக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். பழைய நிலைக்கு அது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கும் கணக்கு படுக்கைக் கணக்கு. உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும் பதிவாகும் இடத்துக்கு வீடு என்று பெயர் இல்லை. தன் பெயரில் ஒரு கதவு இல்லாதவரிடம் போய்த் தனியுரிமையின் மகிமையை எப்படிப் பேசுவது?

அறைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு என் கற்பனை அல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ அடைத்த இடத்திலோ வாரண்ட் இல்லாமல் சோதனை போட வேண்டுமென்றால், கிடைத்த தகவலை அதிகாரி எழுதி வைக்க வேண்டும், மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், இரவில் நுழைந்தால் அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும். இது 42ஆம் பிரிவு. இதை மொத்தமாக மீறினால் வழக்கே விழுந்துவிடும். பொது இடம் என்றால் 43ஆம் பிரிவு. அங்கே அந்த எழுத்து வேலை எதுவும் தேவையில்லை. நிறுத்து, தடவு, தூக்கு. கதவு உள்ளவருக்கு நடைமுறை, தெருவில் வாழ்கிறவருக்கு லத்தி. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும் பையனுக்குத் தெருதான் வரவேற்பறை. அவன் எப்போதும் 43ஆம் பிரிவில்தான் வாழ்கிறான்.

அறைக்குள் வளர்த்தவர்கள் கைதாவதே இல்லையா என்று கேட்கலாம். ஆகிறார்கள். 2023இல் கர்நாடகத்தின் சிவமொகாவில் வாடகை வீட்டுக்குள் கூடாரம் போட்டு, விளக்கு வைத்துக் கஞ்சா வளர்த்ததாக ஒரு மருத்துவ மாணவர் கைது செய்யப்பட்டார். அப்படிப்பட்ட வழக்குகள் தலைப்புச் செய்தி ஆவதே அவை அரிது என்பதால்தான். அன்றாடம் பிடிபடுகிறவர் தலைப்புச் செய்தி ஆவதில்லை. மும்பை வழக்குகளை ஆராய்ந்த விதி சட்டக் கொள்கை மையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, கஞ்சா பயன்படுத்தியதாகச் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தினக்கூலிகளும் குடிசைப்பகுதி மக்களும்தான் என்றது. பால்கனி உள்ளவர்கள் கஞ்சா தொடுவதில்லை என்று இதற்குப் பொருளா?

தமிழ்நாட்டில் இந்த நடவடிக்கைக்குப் பெயரே ‘கஞ்சா வேட்டை’. வேட்டை என்றால் காடு வேண்டும், விலங்கு வேண்டும். சேரி காடாகிறது, வடமாநிலத் தொழிலாளியும் சேரி இளைஞனும் விலங்காகிறார்கள். போதாததற்குக் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ‘போதைப்பொருள் குற்றவாளி’யும் ஒரு வகை. விசாரணை முடிவதற்கு முன்பே 12 மாதம் உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம் நம்முடையது. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, சிறைகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். சமூகநீதி மண் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் சாதிவாரிக் கணக்கை மாவட்டம் மாவட்டமாக வெளியிடத் தயாரா?

இதே செடியின் இலையை அரைத்தால் அது பாங். வரையறையில் இலை இல்லாததால் அது மத்தியச் சட்டத்தில் தப்பிவிட்டது. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பாங் கடை நடக்கிறது. மத்தியச் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதன்படி பாங் பயன்படுத்துவோர் சுமார் 2.2 கோடி, கஞ்சாவும் சரஸும் பயன்படுத்துவோர் சுமார் 1.3 கோடி. பாங் குடிப்பவர்கள் எல்லாரும் உயர்சாதி என்று நான் சொல்லவில்லை. கோயிலோடும் ஹோலியோடும் ஒட்டிக்கொண்ட வடிவத்துக்கு உரிமப் பலகை, உழைப்பாளி பீடியில் சுருட்டும் வடிவத்துக்கு ஜெயில் என்று பிரித்தது யார் என்று கேட்கிறேன். ஒரே செடியை இலை, பூ என்று பிரித்து ஒன்றைப் பிரசாதமாகவும் மற்றதைக் குற்றமாகவும் ஆக்கத் தெரிந்த மூளை எது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கஞ்சாவுக்கு நல்ல காலம் பிறக்கிறது. தொழில்துறைப் பயன்பாட்டுக்கு மாநில அரசு அனுமதிக்க 14ஆம் பிரிவு வழிவிடுகிறது. உத்தராகண்ட் 2018 முதல், போதைச் சத்து 0.3 விழுக்காட்டுக்குள் இருக்கும் ஹெம்ப்புக்கு உரிமம் தருகிறது. இமாச்சலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மூலம் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமே வளர்க்கிறது. ஸ்டார்ட்-அப்கள் வந்துவிட்டன. நாளை இங்கும் வரும். ஆலைக்கு நிலம் தந்த இதே தடத்தில் கண்ணாடிக் கூடாரங்களில் நாற்று வளரும். அதற்கு வெப்பம் பார்க்கவும் ஈரம் பார்க்கவும் ஒப்பந்தத் தொழிலாளியாக நம் பிள்ளைகளே போவார்கள். நேற்று இதே செடிக்காகச் சிறைக்குப் போனவரின் பெயர் உரிமப் பட்டியலில் இருக்குமா? போலீஸ் சரிபார்ப்பிலேயே விழுந்துவிடும்.

உரிமத்துக்கு நிலம் வேண்டும். நிலம் என்றதும் இந்த மண்ணின் கணக்கை எடுக்காமல் போக முடியாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வித்து. ஸ்ரீபெரும்புதூர் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அடுத்த ஆண்டே நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமரல்லாதார் கைக்கு அது போகக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. போன நிலம் எவ்வளவு என்பது ஊருக்குத் தெரியும். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். பிடுங்கப்பட்ட நிலத்தில் எந்த நாற்று நட்டாலும் அறுவடை ஒருவருக்குத்தான்.

நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும். சேரியைப் போதை அழிக்கிறதே, அதைப் போய் ஆதரிக்கலாமா? நியாயமான கேள்வி. கஞ்சா தீங்கில்லாதது என்று நான் எழுதவில்லை. வளரும் வயதில் அது மூளைக்குக் கேடு, மனநலம் தடுமாறுகிறவர்களுக்கு இன்னும் கேடு. மகனை இழந்த தாயின் கோபத்துக்கு எதிராக எனக்கு வாதம் இல்லை. ஆனால் 1985 முதல் சிறை நிரம்பியதே தவிரப் பொட்டலம் குறைந்ததா? தெருத் தெருவாக டாஸ்மாக் நடத்தும் அரசுக்குப் போதையைப் பற்றி ஒழுக்கப் பாடம் எடுக்கும் தகுதி உண்டா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டத் திருத்தம் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கியதும் இதே அரசுதான். உடலைப் பிழிந்துவிட்டு, அந்த உடல் எதைத் தேடுகிறது என்று சோதனை போடுவதற்குப் பெயர் மதுவிலக்கு அல்ல. போதையில் சிக்கியவனுக்குத் தேவை மருத்துவர். ஒருமுறை ஜெயிலுக்குப் போனால் ஆலை வேலை போகும், பாஸ்போர்ட் போகும், கல்யாணம் போகும். பொட்டலம் மட்டும் போகாது.

ஆகவே, செடியை விடுவி என்று மட்டும் கேட்பது போதாது. பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் சிறை கூடாது, மருத்துவம் வேண்டும். குண்டர் சட்டத்திலிருந்து இந்த வகை நீங்க வேண்டும். கைதானவர்களின் சாதி, தொழில், முகவரி வகை ஆகியவற்றின் கணக்கு வெளிவர வேண்டும். உரிமம் தருவதாக இருந்தால், முதலில் பழைய வழக்குகளைத் துடைக்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள்மீது நடந்த போதைப் போரின் கணக்கைப் பேசித்தான் நியூயார்க் மாகாணம் 2021இல் சட்டம் போட்டது. உரிமங்களில் பாதி பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குப் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் இலக்கு வைத்தது. முதல் கடை உரிமங்கள் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அங்கே முடிந்தது, இட ஒதுக்கீட்டைப் பெற்றெடுத்த மண்ணில் முடியாதா? அதற்கும் முன்னால், பஞ்சமி நிலம் உரியவர்களுக்கு வர வேண்டும். இந்தத் தடத்துத் தொழிலாளிக்குப் படுக்கை அல்ல, பூட்டும் சாவியும் உள்ள ஓர் அறை வேண்டும்.

அந்த அறையில் அவர் கஞ்சா வளர்க்க வேண்டாம். ஒரு துளசியோ, ஒரு மிளகாய் நாற்றோ, ஒன்றுமில்லாத வெறும் தொட்டியோ இருக்கட்டும். தட்டாமல் உள்ளே வரக் கூடாது என்று சொல்ல ஒரு கதவு இருக்கட்டும். அது கிடைத்த பிறகு, அறைக்குள் யார் எதை வளர்க்கலாம் என்ற விவாதத்துக்கு எல்லாரும் ஒரே தரையில் நின்று வரலாம்.