வாகனமும் காப்பீடும்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகள் நிறைந்துவிடும். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் குடும்பத்தோடு காரில் வருவோர் பலர். சாவியைத் துணிப்பையில் இட்டுக் கரையில் வைத்துவிட்டு, அனைவரும் குளிக்கச் சென்றுவிடுகின்றனர். கேட்டால், 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்கின்றனர்.

எந்த இன்ஷூரன்ஸ்? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்யும். நம் கார் களவு போனால் ஒரு காசும் தராது. களவுக்கும் சேர்த்துக் காப்பீடு செய்திருந்தாலும், கிடைப்பது வாங்கிய விலையன்று. தேய்மானம் கழித்துப் பத்திரத்தில் குறித்த மதிப்பே.

வட்டி கலக்குமோ என்றஞ்சிக் கட்டாயக் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் காவல் ஒன்றே காப்பு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிகளாரின் (ஸல்) அறிவுரை காருக்கும் பொருந்தும். கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டுங்கள். ஸ்டியரிங்குக்கும் தனிப் பூட்டு இடுங்கள். கரையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் கையில் சாவி இருக்கட்டும்.

களவு போனால் அன்றே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுத்தில் தெரிவியுங்கள். காவல்துறையில் உடனே புகார் பதிவாகியிருக்க, நிறுவனத்திற்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது. நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். மாற்றுச் சாவியையும் பத்திரப்படுத்துங்கள்.

பயணம் புறப்படுமுன் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, களவு என்னும் சொல் அதில் உள்ளதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.