பதுவையில் ஒரு வட்டிக்கணக்கு

அந்தோணியார் கோயில் இல்லாத கடற்கரை ஊரை நம் பக்கம் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான். உவரியில் இருக்கிறார், கச்சத்தீவில் இருக்கிறார், கடலே இல்லாத புளியம்பட்டியிலும் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் 'பதுவைப் புனிதர்'. அந்தப் பதுவை எங்கே இருக்கிறது என்று அக்காவும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. வெனிஸ் ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகையில் 'பதோவா' என்று பார்த்தபோதுதான், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாரே என்று உறைத்தது. கூட வந்தவர்களுக்கு வெனிஸில் முகமூடிக் கடைகள் பாக்கி இருந்தன. நான் தனியாகக் கிளம்பினேன்.

உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்குகிறவர்கள் அதை நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை விழுந்தபின் ஏறவேண்டும். மறந்தால் அபராதம். இதைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஸ்க்ரோவேனி சிற்றாலயம் வந்துவிடும். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேர். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால்மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். நம் மூச்சின் ஈரமும் உடம்பின் தூசியும் சுவரோவியங்களைக் கெடுத்துவிடாமல் இருக்க, காற்றைச் சீராக்கும் ஏற்பாடு. பிறகு உள்ளே இன்னொரு கால்மணி. அவ்வளவுதான்.

தனியாகப் போனதன் பலன் அந்தப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்தது. "எப்படி இருக்கு பாத்தியா?" என்று தோளைத் தட்ட ஆளில்லை. அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் பதித்த நீலக் கூரை. சுவர் முழுக்க, மரியாளின் பெற்றோர் கதையில் தொடங்கி இயேசுவின் கதைவரை, ஜொத்தோ வரைந்த காட்சிகள். யூதாஸ் முத்தமிடும் காட்சியில் அவனுடைய மஞ்சள் போர்வை இயேசுவை அப்படியே மூடிவிடுகிறது. இரண்டு முகங்களுக்கு நடுவே விரற்கடை தூரம். சுற்றிலும் ஈட்டியும் தீவட்டியுமாக ஒரே அமளி. அந்த இரண்டு முகங்களில் மட்டும் அசைவே இல்லை. இறந்த இயேசுவைக் கிடத்தி அழும் காட்சியில் வானத்துத் தேவதூதர்கள்கூட ஆளுக்கொரு விதமாக அரற்றுகிறார்கள். ஒருவர் முகத்தைக் கிழித்துக்கொள்வதுபோல, இன்னொருவர் கையை விரித்தபடி. எழுநூறு வருஷத்துக்கு முன்பு துக்கத்தை இப்படிப் பார்த்து வரைந்திருக்கிறார் ஒருவர்.

கட்டியவன் என்ரிகோ ஸ்க்ரோவேனி. அவன் அப்பா ரெஜினால்தோ ஊரறிந்த வட்டிக்காரர். தாந்தே தன் காவியத்தில் வட்டிக்காரர்களை நரகத்தின் சுடுமணலில், கழுத்தில் பணப்பை தொங்க உட்காரவைத்தபோது, ஒருவனுடைய பையில் இந்தக் குடும்பத்தின் நீலப் பன்றிச் சின்னத்தைப் போட்டுவிட்டார். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மகன் 1300இல் பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கிக் கட்டத் தொடங்கினான். 1305 மார்ச் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரமா, பணக்காரப் பகட்டா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பக்கத்து மடத்துத் துறவிகளுக்குச் சந்தேகமே இல்லை. 1305 ஜனவரியிலேயே, இது தெய்வ பக்திக்கல்ல, வெறும் படாடோபத்துக்கு என்று புகார் எழுதிவிட்டார்கள். அந்தத் துறவிகளின் கோயில் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. 1944 மார்ச் 11 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அங்கே மான்தேஞ்ஞாவின் ஓவியங்கள் நொறுங்கிப் போயின. கூப்பிடு தூரத்தில் இருந்த வட்டிக்காரர் வீட்டுக் கோயில் தப்பிவிட்டது. நியாயம் பேச ஆரம்பித்தால் இடறுகிற இடம் இது.

வாசல் சுவரில் இறுதித் தீர்ப்பு. நடுவில் சிலுவை. அதற்கு ஒரு பக்கம், மோட்சத்துக்குப் போகிறவர்களின் வரிசையில், ஊதா அங்கி போட்டு மண்டியிட்டு, ஆலயத்தின் சின்ன மாதிரியைக் காணிக்கையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்ரிகோ. மறுபக்கம் நரகம், அங்கே சிலர் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். பக்கச் சுவரின் கீழ் வரிசையில் பொறாமை என்ற பெண் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து கிளம்பிய பாம்பு அவள் கண்ணையே கொத்தத் திரும்புகிறது. எதிர்ச்சுவரில் அன்பு என்பவள் பண மூட்டைகளை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். கூலி கொடுத்தவன் முன்னால் இத்தனை பணப்பைகளை வரைய ஜொத்தோவுக்குத் துணிச்சல் வேண்டும். அல்லது, வரையச் சொன்னதே என்ரிகோதானோ என்னவோ.

இதற்குப் பிறகு ஊரில் எங்கே போனாலும் எனக்குக் கடனும் வட்டியும்தான் கண்ணில் பட்டன. காய்கறிச் சந்தைக்கும் பழச் சந்தைக்கும் நடுவே ராஜோனே மாளிகை, பழைய நீதிமன்றம். கீழே இறைச்சி, பாலாடைக்கட்டிக் கடைகள். மேலே எண்பது மீட்டர் நீளத்துக்கு ஒரே மண்டபம். அதன் ஒரு மூலையில் கறுப்பாக ஒரு கல். கடனைக் கட்ட முடியாதவன் சட்டையும் உள்ளாடையுமாக, ஊரார் முன்னால், அதில் மூன்று தடவை தொப்பென்று உட்கார்ந்து, 'என் சொத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்று சொல்லவேண்டும். அப்புறம் ஊரைவிட்டே போய்விட வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அதற்குமுன் இருந்த வழக்கம், கட்டமுடியாதவனைச் சிறையில் போடுவது. 1231 மார்ச்சில் அதை மாற்றி ஒரு சட்டம் போட்டார்கள்: உள்ளதையெல்லாம் ஒப்படைத்துவிட்டவனைக் கடனுக்காகச் சிறைவைக்கக் கூடாது. யாருடைய வேண்டுகோளின்பேரில் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம்முடைய அந்தோணியார்தான். அந்தத் தவக்காலம் முழுக்க அவர் வட்டிக்காரர்களைக் கிழித்துப் பிரசங்கம் செய்திருந்தார்.

மூன்று மாதத்தில், ஜூன் 13 அன்று, இறந்துபோனார். வயது முப்பத்தைந்தோ ஆறோ. பிறந்தது லிஸ்பனில். ஒரு வருஷம் முடிவதற்குள் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். 1263இல் பெட்டியைத் திறந்தபோது நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாம். இந்த ஊரில் அவர் பெயரில் உள்ள பேராலயத்தில் அதை இன்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பெரிய பீடத்தில் தொனதெல்லோ செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம். ஒரு கஞ்சனின் சவ அடக்கம். 'இவன் நெஞ்சு இங்கே இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது' என்கிறார் அந்தோணியார். உடலைத் திறந்து பார்த்தால் நிஜமாகவே இதயத்தைக் காணோம். சுற்றி நிற்கிற கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்க்கிறது.

அதே பேராலயத்தில் இருக்கும் அந்தோணியாரின் கல்லறையின் பின்பக்கத்துப் பளிங்கில் கையை வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். ஓரமெல்லாம் புகைப்படங்கள், சீட்டுகள். எனக்கு முன்னால் நின்ற அம்மா கையை எடுக்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்ததும், "பிள்ளை, நீங்கள் இந்தியாவோ?" என்றார். மன்னார்க்காரர், மகளோடு இத்தாலியில்தான் இருக்கிறாராம். "கச்சதீவுத் திருநாளுக்குப் போயிருக்கிறீங்களோ?" இல்லை என்றேன். "இங்க வந்திட்டீங்கள், அங்க போகேல்லையோ!" என்று சிரித்தார். பெரிய வேண்டுதலா என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு வங்கியில எடுத்த காசு பிள்ளை. இன்னும் கனக்க வருஷம் கிடக்கு" என்றார். கடன்காரர்களுக்காகச் சட்டம் வாங்கிக்கொடுத்தவர் இவர்தான் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அதுதானே வாறம்" என்றார்.

கலிலேயோ பதினெட்டு வருஷம் பாடம் சொன்ன பல்கலைக்கழகத்தையும், 1545இல் போட்ட மூலிகைத் தோட்டத்தையும் நான் பார்க்கவில்லை. அவற்றுக்கு இன்னொரு நாள் வேண்டும். போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ராஜோனே மண்டபம் அன்று பூட்டியிருக்கும். கால் ஓய்ந்தால் பெத்ரோக்கி காபிக் கடைக்குப் போகலாம். 1831இலிருந்து இருக்கிற கடை. அதன் பச்சை அறையில் எதுவும் வாங்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்; யாரும் எழுப்பமாட்டார்கள். அன்று நான் பார்த்த அத்தனை பணப்பைகளுக்கும் நடுவே இந்த ஓசி நாற்காலிதான் ஊரின்மேல் பிரியத்தை உண்டாக்கியது. நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு, சிவப்பு அறைக்குப் போய், புதினாப் பாலேடு மிதக்கும் அவர்களுடைய பேர்பெற்ற காபியைக் காசு கொடுத்தே வாங்கிக் குடித்தேன். கலக்கக் கூடாது, சர்க்கரை போடக் கூடாது என்று ஏகப்பட்ட சட்டம். காபி சுமார்தான்.