பூசிய கறுப்புக்கு வேஷம், பிறந்த கறுப்புக்குக் கூட்டம்

கூமாப்பட்டியில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்து பிழைக்கிறவள் நான். ஒரு முகத்தைப் பார்த்தாலே எந்த ஷேடு ஃபவுண்டேஷன் அதற்கு ஒட்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிடும். அந்தத் தொழிலறிவை வைத்துக்கொண்டு தமிழ் சினிமாக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கறுத்த பெண்ணின் கதையை எடுக்கும்போது, வெளுத்த பெண்ணைக் கூட்டிவந்து கறுப்பு பூசாதீர்கள். அந்தப் பூச்சில் ஒருத்தியின் வேலை போகிறது.

பருத்திவீரனில் முத்தழகாக நடித்த பிரியாமணிக்கு நிறத்தைக் குறைத்துத்தான் ஒப்பனை. தேசிய விருது வாங்கிய நடிப்பு அது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2013இல் பரதேசி வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கொத்தடிமையாகப் போன சனங்களின் கதை. அதில் வேதிகாவுக்கும் கறுப்பு பூசினார்கள். 2021இல் ஜெய் பீம். இருளர் பெண் செங்கேணியாக நடித்தவர் கேரளத்து லிஜோமோள் ஜோஸ். அந்த மக்களோடு பழகி, அவர்கள் வேலையையும் பேச்சையும் கற்றுக்கொண்டு, உயிரைக் கொடுத்து நடித்தார். இருளர் மக்களும் அந்தப் படத்தில் இருந்தார்கள், சின்னச் சின்ன வேஷங்களில். மூன்றுமே நான் அழுதுகொண்டு பார்த்த படங்கள். ஆனால் மூன்றிலும் அந்தக் கறுப்பு, படப்பிடிப்பு முடிந்ததும் கழுவிவிடக்கூடிய கறுப்பு.

ஒப்பனைக்காரியின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த கறுப்பு ஒரே நிறமாக இருக்காது. விரல் முட்டியில் அடர்ந்திருக்கும், உள்ளங்கையில் வெளுத்திருக்கும். உதட்டோரம் ஒரு நிறம், கண்ணுக்குக் கீழே ஒரு நிறம், வெயில் படாத மேல்கையில் இன்னொரு நிறம். நாற்று நடுகிற பெண்ணின் பின்கழுத்தும் முன்கழுத்தும்கூட ஒன்றாக இருக்காது. பூசிய கறுப்பு சுவருக்கு அடித்த வண்ணம் போலச் சமமாகக் கிடக்கும். வேர்த்தால் காது ஓரத்தில் கோடு விழும். பிறந்த கறுப்பில் வெளிச்சம் பட்டால் கன்னமும் நெற்றியும் மினுங்கும். அந்த மினுமினுப்புக்கு ஏற்ற விளக்கு வைக்கத் தெரிந்தால் போதும், பாதி ஒப்பனை முடிந்தது.

விளக்கு என்றதும் பழைய சாக்கு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. கறுப்பு முகம் கேமராவில் எடுபடாது என்பார்கள். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் வண்ணப் பிலிம் சுருளைக் கழுவும் ஆய்வகங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். பல காலம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகத்துக்காகச் செய்த சுருளில் நம் முகம் மங்கித்தான் விழும். இன்றைக்கு டிஜிட்டல் கேமரா, நிலா வெளிச்சத்தில் நிற்கிறவரைக்கூட எடுத்துவிடுகிறது. இனி அந்தச் சாக்குக்கு இடமில்லை.

நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே, நிறத்தைப் பார்த்தா ஆள் எடுக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், மாற்றம் இரண்டு பக்கமும் நடந்தால். கறுத்த பெண்ணைக் கூப்பிட்டுப் பணக்கார வீட்டு மகளாக, டாக்டராக, நாயகன் துரத்தித் துரத்திக் காதலிக்கிற பேரழகியாக எத்தனை படத்தில் நடிக்கவைத்தார்கள்? வெளுத்தவர் எந்த வேஷத்துக்கும் போகலாம். கறுத்தவர் தன் சொந்த வேஷத்துக்கே போக முடியாது. மொழியையோ ஊரையோ வைத்து யாரையும் நான் தள்ளவில்லை. மலையாளியோ தெலுங்கரோ யாரும் வந்து நடிக்கட்டும். நான் பேசுவது நிறத்தைப் பற்றி மட்டும்.

இத்தனைக்கும் இதே தமிழ் சினிமா ஒரு காலத்தில் பூசாமலே எடுத்திருக்கிறது. 1979இல் பசி. குப்பை பொறுக்கும் பெண்ணாக வந்த ஷோபாவுக்குத் தேசிய விருது. 1981இல் தண்ணீர் தண்ணீர். பாலசந்தர் படத்தில் குடத்தோடு நின்ற சரிதாவின் கண்களை மறந்தவர் யார்? 1988இல் பாலு மகேந்திராவின் வீடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது. இவர்கள் நிறத்தைப் பார்த்து அன்றைய சனம் தியேட்டரைவிட்டு எழுந்து போகவில்லை. பிறகு வந்த வருஷங்களில் பாலைப்போல் வெளுத்தால்தான் கதாநாயகி என்றாயிற்று. வேறு நடிகைகள் பலரின் முகத்துக்குப் பின்னால் சரிதா குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

ஆண்களுக்கும் இந்த வலி உண்டு. நிறத்துக்காக விஜயகாந்தோடு ஜோடி சேரக் கதாநாயகிகள் தயங்கிய கதை ஊரறிந்தது. ஆனாலும் ஆணுக்கு ஒரு கதவு திறந்தது. பக்கத்து ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதி புதுப்பேட்டை படத்தில் கூட்டத்தோடு ஒருவராக வந்துபோனவர். 2010இல் தென்மேற்குப் பருவக்காற்று அவரை நாயகனாக்கியது. இன்று எங்கள் பக்கத்துப் பையன்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்கும் நடக்கும் என்று நம்புகிறார்கள். பெண் பிள்ளைகள் யாரைப் பார்ப்பார்கள்? ஐஸ்வர்யா ராஜேஷ் இருக்கிறார். நிறத்துக்காகத் தன்னை ஒதுக்கியதை 2020இல் மேடையேறி வெளிப்படையாகச் சொன்னார். இளம் வயதிலேயே காக்கா முட்டையில் இரண்டு பையன்களுக்குத் தாயாக நடித்துத்தான் பேர் வாங்கினார். அவர் ஒருவரையே எத்தனை வருஷம் உதாரணம் காட்டிக்கொண்டிருப்பது?

எங்கள் பக்கம் படப்பிடிப்பு புதிதல்ல. 2025 ஜூனில் கூமாப்பட்டி இன்ஸ்டாகிராமில் பரவியபோதுதான் நாட்டுக்கு எங்கள் ஊர் தெரிந்தது. ஆனால் கேமராக்காரர்களுக்குப் பிளவக்கல் அணையும் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பும் வயலும் முன்பே தெரியும். ஒரு படக்குழு, பேர் வேண்டாம், நடவுப் பாட்டு எடுக்க வந்தது. கூட்டத்துக்குப் பெண்கள் வேண்டும் என்று கேட்டதால் அலங்காரத்துக்கு நானும் போனேன். எங்கள் ஊர்ப் பெண்களைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து கூட்டிவந்த நடனப் பெண்கள் முன்வரிசையில். அவர்களுக்கு நாற்றைப் பிடிக்கத் தெரியாமல் எங்கள் பெண்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். “நம்மளத்தான் எடுக்குறாங்கன்னு நெனச்சேன்த்தா” என்றார் ஒரு பெரியம்மா. அவர் நட்ட வயல் அது.

திரைக்குப் பின்னாலும் பாருங்கள். பெண் என்றால் தலைமுடி அலங்காரம் மட்டும் செய்யலாம், முக ஒப்பனை ஆண்களுக்கு மட்டும் என்று சினிமா ஒப்பனைச் சங்கங்கள் நெடுங்காலம் வைத்திருந்தன. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. எங்கள் முகத்தை அறிந்த கைகளையும் இத்தனை காலம் வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

திரையில் நடப்பது திரையோடு முடிவதில்லை. 2007இல் சிவாஜி படத்தில் இரண்டு பெண்களுக்குக் கன்னங்கரேலென்று பூசி, பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையைச் சூட்டி, கேலிப்பொருளாக நிறுத்தினார்கள். அப்போது எங்கள் வத்திராயிருப்புப் பக்கம் கறுத்த பெண் பிள்ளைகளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்று மணப்பெண்களாக என் நாற்காலியில் உட்காருகிறார்கள். கூட வரும் அம்மா காதோரம் சொல்வார், “ரெண்டு ஷேடு ஏத்தி விடும்மா, ஆல்பத்துல பிள்ளை கலராத் தெரியணும்.” கண்ணாடியில் அந்தப் பெண் தலை குனிவாள். அவள் நிறத்துக்கே ஒப்பனை செய்துவிட்டு, வெயிலில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுவேன். பலருக்கு அதுதான் தங்களைத் தாங்களே முதல்முறை நல்லவிதமாகப் பார்ப்பது.

வெள்ளைக்கார நாட்டிலும் இதே கதைதான். 1937இல் ‘தி குட் எர்த்’ (நல்ல பூமி) நாவலை ஹாலிவுட் படமாக்கியபோது, சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங் இருக்க, சீனக் குடியானவள் வேஷம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனருக்குப் போனது. ஆஸ்கரும் கிடைத்தது. 2015, 2016 இரண்டு வருஷமும் ஆஸ்கர் நடிப்புப் பரிந்துரைகள் இருபதும் வெள்ளையருக்கே போனபோது அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கேள்வி கேட்டதால் கொஞ்சமாவது நகர்ந்தார்கள். 2022இல் பிரிட்ஜர்டன் தொடரில் பிரபு வீட்டு மகன் உருகி உருகிக் காதலிக்கும் நாயகியாக வந்த சிமோன் ஆஷ்லி, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த கறுத்த பெண். லண்டன் மாளிகையில் நாயகியாக முடிந்த அந்த நிறத்துக்குக் கோடம்பாக்கத்தில் வீட்டு வேலைக்காரி வேஷம் மிஞ்சியிருக்கும்.

நல்ல படங்களுக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது, விருது தருகிறது. நிறம் பூசி எடுத்த படத்துக்கு அவற்றைக் கொடுக்கும் முன், அந்த வேஷத்துக்கு அதே நிறத்தில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று தேர்வுக் குழு ஒரு கேள்வி கேட்கலாம். எங்கள் மண்ணின் கதையை அக்கறையோடு எடுக்கும் இயக்குநர்களுக்குத்தான் முதலில் இது புரியும் என்று நம்புகிறேன். காக்கா முட்டைக்கு இயக்குநர் மணிகண்டன் சென்னையின் குப்பத்துப் பையன்களையே பிடித்துவந்தார். இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. பையன்களுக்குச் செய்ததைப் பெண்களுக்கும் செய்ய முடியும். லொக்கேஷன் பார்க்க வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, ஆளும் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ மண்டபம் நான் பேசித் தருகிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, எல்லா மண்டபமும் காலியாக இருக்கும், நானும் சும்மாதான் இருப்பேன்.