மைக்கு எத்தனை வயது?

டிசம்பர் கடைசி வாரம் மாட்டுங்காவில் எந்த ஸ்டேஷனரி கடைக்குப் போனாலும் கண்ணாடி மேஜைமீது ஒரு கிறுக்கல் நோட்டு கிடக்கும். புதுப் பேனாவைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கடைக்காரர் போட்டு வைத்தது. அதைப் புரட்டினால் வந்துபோனவர்களின் தாய்மொழியைச் சொல்லிவிடலாம். மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் 'ஸ்ரீ' போட்டிருப்பார்கள். தமிழர் என்றால் 'உ'. பிள்ளையார் சுழிக்குப் பிறகு ஒரு கையெழுத்து, நாலு வளையம், ஒரு நீளக் கோடு. பேனா கீறவில்லை, நிறம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது, டைரியின் அட்டை வழுவழுவென்று இருக்கிறது. வியாபாரம் முடிந்தது.

இந்த மை எத்தனை காலம் தாங்கும் என்று கேட்கிறவர் அபூர்வம்.

முன்பு வேறொரு கேள்வி இருந்தது. மை யாருடையது? 1931ல் மும்பை கிர்காவில் தண்டேகர் சகோதரர்கள் 'ஹார்ஸ் பிராண்ட்' என்ற பெயரில் மைப்பொடியும் மை மாத்திரையும் செய்து விற்கத் தொடங்கியபோது அது சுதேசிக் காலம். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் மை. அந்தச் சின்னத் தொழில்தான் பிறகு கேமல் மையாகவும் கேம்லின் கம்பெனியாகவும் வளர்ந்தது. 1934ல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்களின் 'சுலேகா' பிறந்ததும் அதே ஆவேசத்தில்தான். ராஜமுந்திரியில் ரத்தினம் செய்த பேனா காந்தியின் கைக்குப் போய், 1935ல் அவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

பிறகு பால்பாயிண்ட் பேனா பள்ளிக்கூடப் பைகளுக்குள் நுழைந்தது. இங்க் பேனாவுக்குப் பலரும் கருமாதியே செய்துவிட்டார்கள். சுலேகா 1980களின் இறுதியில் கதவை மூடியது. ஆனால் செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 2006ல் மறுபடி திறந்த சுலேகா, 2020ல் மையையும் கொண்டுவந்தது. கேம்லினின் பெரும்பங்கை 2011ல் ஜப்பானின் கொகுயோ வாங்கியது. நோட்டுப் புத்தகத்துக்குப் பேர்போன கம்பெனி அது. இன்று சில பத்து ரூபாய் பாட்டிலிலிருந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டும் ஜப்பான், ஜெர்மனி பாட்டில்வரை மை கிடைக்கிறது. மயில் கழுத்து, மாம்பழம், மழை மேகம் என்று எந்த நிறம் கேட்டாலும் உண்டு. ஆக, யாருடைய மை என்ற கேள்வி போய், என்ன நிறம் என்ற கேள்வி வந்திருக்கிறது.

நிறம் கிடக்கட்டும். பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று பார்த்தால் மை மூன்று வகை.

முதலாவது சாய மை. தண்ணீரில் கரைந்த சாயம். பள்ளிக்கூடத்து ராயல் ப்ளூ இந்த வகை. பேனாவை அடைக்காது, சட்டையில் கொட்டினால் துவைத்துவிடலாம். அந்த நல்ல குணமேதான் அதன் கெட்ட குணமும். சட்டையை விட்டுப் போகிற மை காகிதத்தையும் விட்டுப் போகும். தண்ணீர் பட்டால் கரையும், வெயில் பட்டால் வெளுக்கும்.

இரண்டாவது இரும்பு மை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும், காகிதத்தின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறவருக்குக் கண்ணில் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் நீலச் சாயம் கலந்தார்கள். 'ப்ளூ பிளாக்' வந்தது அப்படித்தான். ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்பதெல்லாம் இரும்பு மை என்று நம்பிவிடக் கூடாது. பல பாட்டில்களில் வெறும் சாயம்தான். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை இரும்பு மையால்தான் எழுதி வந்தார்கள். இதே துவர்ப்பு தாராவிக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே தோல் ஷாப்புகளில் வேலை செய்தவர்களுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலை என்ன செய்யும் என்று தெரியும். அப்படிப் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும் என்பதும் தெரியும். அந்தக் கறைதான் பாட்டிலுக்குள் மையாக இருக்கிறது.

மூன்றாவது கரி மை. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, கீறலுக்குள் விளக்குக் கரியைத் தேய்த்தார்கள் நம் முன்னோர்கள். கரி வெளுக்காது, கரையாது. ஓலையைச் செல்லரித்தால்தான் எழுத்துக்குச் சாவு. இங்க் பேனாவுக்கென்றே மிக நைசாக அரைத்த கரி மை இன்று கிடைக்கிறது. ஆனால் இந்த மை ஊற்றிய பேனாவை மாதக்கணக்கில் சும்மா வைத்தால் அடைத்துக்கொள்ளும். ஓவியர்கள் பயன்படுத்தும், அரக்குக் கலந்த 'இந்தியன் இங்க்'கை இங்க் பேனாவில் ஊற்றவே கூடாது. காய்ந்தால் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மை பாதி என்றால் காகிதம் மீதி. எழுதும்போது நூல் நூலாக மை பரவுகிறது, மறுபக்கம் தெரிகிறது என்றால் பழி பேனாமீது விழும். குற்றவாளி பெரும்பாலும் காகிதம்தான். காகிதம் செய்யும்போது மை ஊறாமலிருக்கப் பசைபோல ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு சரியாக இருந்தால் மெல்லிய தாளும் மையைத் தாங்கும். 'டோமோயே ரிவர்' என்ற ஜப்பானியத் தாள் 52 ஜிஎஸ்எம்தான். அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 52 கிராம். அதில் மை மறுபக்கம் ஊறி வராது. பூச்சு மோசமென்றால் 100 ஜிஎஸ்எம் தாளும் பிளாட்டிங் பேப்பர்போல உறிஞ்சும். ஆகவே அட்டையில் பெரிதாக அச்சடித்த ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். மும்பையில் இன்னொரு சங்கடம், ஜூன் முதல் செப்டம்பர்வரை. ஈரக் காற்றில் தாள் நமத்துப்போய், மார்ச்சில் நன்றாக எழுதிய நோட்டு ஜூலையில் மையை இழுக்கும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில், இருக்கிற ஒவ்வொரு மையாலும் ஒரே வரியை எழுத வேண்டும். பக்கத்தில் மையின் பெயரும் தேதியும். ஒரு நாள் காயவிட்டு வரியின் பாதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தால் எது தங்கும், எது போகும் என்று தெரிந்துவிடும். அதே வரியை இன்னொரு தாளில் எழுதி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைக்கலாம். அட்டையை எடுக்கும்போது சில மைகள் ஆச்சரியப்படுத்தும், சில மானத்தை வாங்கும். மூன்றாவது சோதனை, தாளைத் திருப்பிப் பார்ப்பது. செலவு ஒரு தாள், ஒரு சொட்டுத் தண்ணீர்.

சோதித்த பிறகு எந்த மையை எதற்கு வைத்துக்கொள்வது? அது எழுதப்போவதன் ஆயுளைப் பொறுத்தது.

மாட்டுங்காவில் வாங்கிய பிளானரின் ஆயுள் ஒரு வருஷம். உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை. ஜனவரி முதல் தேதி முத்து முத்தாக ஆரம்பித்து, பொங்கல்வரை நிரம்பி, சிவராத்திரிக்குள் பால் கணக்கில் வந்து நிற்கும். இதற்கு எந்த மையும் போதும், பிடித்த நிறம் வாங்கலாம். பிளானருக்குப் பணம் கொடுக்கும் முன் நாற்பது பக்க நோட்டில் தானே கோடு போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நாளுக்கு ஒரு பக்கம் தேவைப்படுகிறதா, வாரத்துக்கு ஒரு பக்கம் போதுமா என்று அந்த நோட்டே சொல்லிவிடும். லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி எழுதுகிறவர் என்றால், மூடியைக் கழற்றி மாட்டும் இங்க் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு பென்சில் எடுத்துப்போவது உத்தமம்.

செம்பூரில் இன்னொரு நோட்டு உண்டு, பாட்டு நோட்டு. கச்சேரியும் பாட்டு வகுப்புமாக இருக்கும் பேட்டை அது. டீச்சர் சொல்லச் சொல்ல ஸ்வரமும் சாகித்யமும் எழுதிக்கொண்ட நோட்டு, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். கீழே போடும் ஒரு புள்ளி, மேலே போடும் ஒரு புள்ளி, இவைதான் ஸ்தாயியைச் சொல்பவை. சாய மையில் ஒரு துளி வியர்வை விழுந்தால் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். இதன் ஆயுள் ஒரு தலைமுறை. ஆகவே இரும்பு மை அல்லது கரி மை, நல்ல தாள், தைத்த பைண்டிங்.

எது எவ்வளவு காலம் தேவைப்படும் என்பது எழுதும்போது தெரிவதில்லை. பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761வரை எழுதி வந்தது அன்றாட வியாபாரமும் ஊர் வம்பும் துரைகளின் பேச்சும்தான். 1846ல் அந்த ஏடுகளைக் கண்டெடுத்துப் பிரதி எடுத்தார்கள். 1904 முதல் 1928வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. இன்று அது சரித்திர ஆதாரம்.

சரித்திரம் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு. தாராவிக் குடும்பத்துக்கு அதே ஆதாரம் ஒரு வீடு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்தவர் என்றால் இரண்டரை லட்ச ரூபாய் கட்டி, தாராவிக்கு வெளியே வீடு. அதற்கும் பிந்தியவருக்கு வாடகை வீட்டுத் திட்டம். ஆக, ஒரு தேதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு காகிதம் தீர்மானிக்கிறது.

வாக்காளர் பட்டியலும் மின் கட்டண ரசீதும் அச்சானவை. ஆனால் பழைய ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயரும் முகவரியும் குமாஸ்தா கையால் எழுதியவை. 1976ல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த போட்டோ பாஸும், வீட்டுக்காரர் கொடுத்த வாடகை ரசீதும் பேனா பட்டவைதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மிட்டி நதி ஊருக்குள் வந்தது. டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் காகிதம் காய்ந்து திரும்பக் கிடைக்கும். ஆனால் சாய மையில் எழுதிய பெயர் நீலப் படலமாகத்தான் இருக்கும்.

குமாஸ்தா எந்தப் பேனாவால் எழுதினார் என்பது நம் கையில் இல்லை. இனி எழுதப்போவது நம் கையில் இருக்கிறது. வாடகை ரசீது, டெபாசிட் ஒப்பந்தம், சீட்டு நோட்டு எதுவானாலும், கையெழுத்துப் போடுகிறவரிடம் தண்ணீர்ச் சோதனையில் தேறிய பேனாவை நீட்டுவது மரியாதைக் குறைவல்ல. சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் எண்ணெய் மைகூட, தண்ணீர் விஷயத்தில் ராயல் ப்ளூவைவிட மேல். அழித்து எழுதும் ஜெல் பேனா மட்டும் கூடாது. சுமார் 60 டிகிரிச் சூட்டில் அந்த எழுத்து மறைந்துவிடும். லேமினேஷன் இயந்திரத்தின் சூடு அதைவிட அதிகம். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் வெறும் தாள் வெளியே வரும். சூட்டில் அச்சாகும் வழவழப்பான பில்களுக்கும் லேமினேஷன் எமன். மொத்தமும் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் சில வருஷத்தில் வெளுத்துவிடும்.

அவற்றுக்கெல்லாம் மருந்து தெருமுனை ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கறுப்பு, பிளாஸ்டிக்கோடு உருகித் தாளில் ஒட்டிய கரிதான். ஓலைச்சுவடிக் கரியின் பேரன் என்று சொல்லலாம். மழைக்குக் கரையாது. ஒரு பிரதியைச் சொந்த ஊரில் அண்ணன் வீட்டில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மலிவான பிவிசி உறையில் செருகி வைத்தால் வருஷக்கணக்கில் எழுத்து உறையிலேயே ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் காகித உறை போதும்.

அடுத்த முறை மாட்டுங்கா கடையில் கிறுக்கல் நோட்டில் 'உ' போட்டுப் பார்க்கும்போது, பையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுழியின் வாலில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், பிள்ளையார் நிற்கிறாரா என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுக்கலாம்.