நிலையப் பெயர்களில் மிஞ்சிய காடு



அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஒருநாள் சன்னலோரம் அமர்ந்து, வழியிலுள்ள நிலையங்களின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். அம்பத்தூரைத் தாண்டியதும் திருமுல்லைவாயில். ஆவடிக்கு அப்பால் வேப்பம்பட்டு. இன்னும் மேற்கே செஞ்சி பனம்பாக்கம், திருவாலங்காடு, புளியமங்கலம். முல்லை, வேம்பு, பனை, ஆல், புளி! பாதைக்குத் தெற்கே திருவேற்காடு இருக்கிறது. அது வேல மரக்காடு. பூவிருந்தவல்லியோ பூவையே தன் பெயரில் சூடிக்கொண்டிருக்கிறது. நம் முன்னோர் கண்ணால் கண்டதைத்தான் ஊருக்குப் பெயராக இட்டார்கள். தொண்டைமான் மன்னனின் யானையையே நகரவிடாமல் முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன என்று திருமுல்லைவாயிலின் தலபுராணம் கூறுகிறது. இன்று அங்கே யானையை மறிக்கக் கூடியவை மோட்டார் வண்டிகள் மட்டுமே.

இந்தக் காடெல்லாம் எங்கே போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, அது நம் பகுதியின் வழியாகவே சென்றது. தொடக்க காலத்துச் சென்னை மாகாண என்ஜின்கள் பெரும்பாலும் விறகில் ஓடின. அருகிலிருந்த காடுகளைத் தின்று தீர்த்தும் பசி அடங்காமற் போகவேதான், என்ஜினுக்கென்றே கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளை வளர்த்தார்கள். நகரத்து அடுப்புகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் வேண்டிய விறகு வேறு. பின்னர் 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன! எங்கள் வீட்டு உலையும் அந்தச் சம்பளத்தில்தான் கொதித்தது.

இவற்றையெல்லாம் எழுதத் தூண்டியது ஒரு சிறு பயணம். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனிக்கிழமை, எங்கள் பங்கின் மறைக்கல்விச் சிறுவர் முப்பது பேரை அழைத்துக்கொண்டு கிண்டிக் காட்டிற்குச் சென்றிருந்தோம். மானும் பறவையும் பார்க்கச் சிறுவர் பூங்காவிற்கு எவரும் போகலாம். அதற்கு அப்பாலுள்ள உட்காட்டிற்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். முன்னதாகவே எழுதி அதைப் பெற்றிருந்தோம்.

ஒரு காலத்தில் இது ஆளுநரின் தோட்ட மாளிகையைச் சேர்ந்த நிலம். 1910-இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 505 எக்டேர் இருந்தது. காந்தி மண்டபம், இராஜாஜி, காமராசர் நினைவிடங்கள், தொழில்நுட்பக் கழகம் என்று ஒவ்வொரு நல்ல காரியத்திற்கும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்து, 1978-இல் தேசியப் பூங்காவான வேளையில் எஞ்சியது 270 எக்டேர்தான். எடுத்தவர் ஒருவரும் தீயவர் அல்லர். எடுத்த காரியம் ஒன்றும் இழிவானது அன்று. காடு பாதியானதோ உண்மை.

வாயிலைக் கடந்து கால்மணி நேரம் நடந்திருப்போம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, காடு எப்போ வரும்?"

"இதுதான் அம்மா காடு."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவளை நொந்து பயனில்லை. படங்களில் வானளாவிய மரங்களையும் அருவிகளையும் கண்ட கண்களுக்கு, இங்கே இருப்பது இரண்டு மூன்று ஆள் உயரமுள்ள வெறும் அடர்ந்த புதர் போலத்தான் தோன்றும். உண்மையைச் சொன்னால் என் மனத்திலும் அதே எண்ணம்தான் இருந்தது. அவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள்.

உடன் வந்த வனக்காவலர் சிரித்தார். "பாப்பா, இந்த மரத்தைத் தொட்டுப் பார். உன் தாத்தாவைவிட வயசு அதிகம்" என்று ஓர் அடிமரத்தைக் காட்டினார். என் தொடையளவு பருமன்கூட இல்லை; முறுக்கிப் பிழிந்த துணிபோல் வரிவரியாய்த் திருகியிருந்தது. வீரை மரம் என்றார். பக்கத்திலேயே சிற்றிலைகளோடு நின்ற ஒன்றைக் காயா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயாம்பூ வண்ணன் என்று புலவர்கள் பாடினார்களே, அந்தக் காயாவா? பெயரைப் பள்ளியிலே படித்தேன். மரத்தை அறுபது வயதிற்கு மேல் பார்க்கிறேன். கோடைத் தொடக்கத்தில் கொம்பெல்லாம் நீலமாய்ப் பூக்குமாம்.

சோழமண்டலக் கரையோரத்திற்கே உரிய காடு இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு பல மாதம் வெயிலும் உப்புக்காற்றும்தான். அந்த வறட்சியிலும் இம்மரங்கள் இலையுதிர்ப்பதில்லை. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளில் நீரைக் காத்துக்கொள்கின்றன. அதனால் மெல்ல மெல்லத்தான் வளர்கின்றன. விதையை யாரும் ஊன்றுவதில்லை. பறவையும் மரநாயும் பழத்தைத் தின்று வேறிடத்தில் போடவேண்டும். அதுவும் நிழலும் சருகும் உள்ள இடத்தில் விழவேண்டும். ஆகவே ஒருமுறை அழித்துவிட்டால், விதை தூவி நீர் வார்த்துப் பத்தாண்டில் மீட்கும் காடு அன்று இது. பத்தாண்டில் வளர்வது வேறு மரங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வீசியபோது சென்னைத் தெருக்களில் வேரோடு சாய்ந்தவற்றில், அழகுக்கென்று வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவையே மிகுதி என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட காடுகளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1600-ஆம் ஆண்டு முதல் இடையறாது காடாகவே இருந்துவரும் இடத்தைத் தொல்காடு என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஆண்டிற்கு முன் காடு நட்டு வளர்ப்பது அங்கே அரிது; எனவே அப்போது காடாக இருந்தது அதற்கு முன்னும் காடாகவே இருந்திருக்கும் என்பது கணக்கு. அங்கும் மரத்தின் உயரத்தைப் பார்ப்பதில்லை. சஃபோக் மாவட்டத்தில் பிராட்ஃபீல்டு காடு என்று ஒன்று உண்டு. அது முன்னாளில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துப் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடத்திற்கு உரியது. மரத்தை வேரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டுவார்கள், சில ஆண்டுகளில் கட்டை மறுபடி துளிர்த்து நீண்ட கொம்புகளைத் தரும், மறுபடி வெட்டுவார்கள். 1252-ஆம் ஆண்டு முதல் இந்த முறை அங்கே தொடர்ந்து வருகிறது. நிற்கும் கொம்புக்கு வயது பத்து. அடிக்கட்டைக்கோ பல நூறாண்டு! எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது, துறவியர் போயினர், காடு இருந்தது. 1960-களில் அதில் ஒரு பகுதியை அழித்து வயலாக்கியபோது, ஊரார் விழித்துக்கொண்டு மிஞ்சியதைக் காத்தார்கள். அந்த ஊராரும் முதலில் அதை வெறும் விறகுக் காடு என்றுதான் எண்ணியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கிண்டிக்குத் திரும்புவோம். வீரை மரத்தடியில் ஓர் இலை கிடந்தது. கரும்பச்சை, அடிப்புறம் ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகியது. சிறுமி அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் வைக்கப் போனாள். "உதிர்ந்த இலையையும் எடுக்கக் கூடாது பாப்பா, வரைஞ்சுக்கோ" என்றார் காவலர். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து வரைந்தாள். நான் அருகில் நின்று அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ பார்த்த இலை. எங்கே என்று நினைவுக்கு வந்தபோது, மற்றவர்களைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றேன்.

1979-இல் அம்பத்தூரில் நாங்கள் மனை வாங்கியபோது அதன் வடகிழக்கு மூலையில் ஒரு புதர் இருந்தது. அக்கம்பக்கம் எல்லாம் உழுத நிலம். அந்த மூலை மட்டும் ஏனோ ஏர் படாமல் கிடந்தது. கோடையில் அதில் சிவப்பாய்ச் சிறு பழங்கள் பழுக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்து என் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். "வீரப்பழம் சாமி, தின்னுங்க" என்பார். பெயரில் வீரம் இருக்கிறதே என்று நான் கேலி பேசியிருக்கிறேன். மறு ஆண்டு கிணற்றுக்கு இடம் வேண்டுமென்று இரண்டு ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி அதை வெட்டச் சொன்னேன். காலையில் வந்தவர்கள் மாலைவரை வெட்டினார்கள். "புதர்னு சொன்னீங்க, இரும்பா இருக்குதே ஐயா" என்று கூலி உயர்த்திக் கேட்டார்கள். நான் பேரம் பேசிப் பாதிதான் கொடுத்தேன். பாட்டியம்மாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திருமுல்லைவாயிலுக்கும் திருவேற்காட்டிற்கும் பெயர் கொடுத்த காட்டில் மிஞ்சிய ஒரு கைப்பிடி என் மனையின் மூலையில் நின்றது. அதை முடித்து வைத்தவன் நான். கிணறும் பத்தாண்டில் வற்றிவிட்டது.

இப்போது சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தின் பின்புறம் ஏறத்தாழ பத்து சென்ட் நிலத்தில் புதர் மண்டியிருக்கிறது. அதை அகற்றித் தளம் போடவேண்டும் என்று பங்குப் பேரவையில் ஒரு கோரிக்கை வந்துள்ளது. கேட்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று அங்கே பாம்பு வந்தது மெய். கூட்டத்தில் ஒரு மூதாட்டி தடுக்கி விழுந்தார். அடக்கத்திற்கு இடம் போதவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. தம் பெற்றோர் துயிலும் இடம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவதில் தவறென்ன?

ஆயினும் கிண்டியிலிருந்து திரும்பிய மறுநாள், பூசை முடிந்து அந்தச் சிறுமியையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். முன்புறமெல்லாம் சீமைக் கருவேல்தான். அதை எவ்வளவு சீக்கிரம் அகற்றினாலும் நல்லது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தோம். மதிலையொட்டி, திருகித் திருகி எழுந்த மூன்று அடிமரங்கள் நின்றன. சிறுமி நோட்டைத் திறந்து, தான் வரைந்த இலையைக் கொம்பின் இலையோடு வைத்துப் பார்த்தாள். ஒருபக்கம் அகன்று, மறுபக்கம் குறுகி.

"அதேதான் ஐயா" என்றாள்.

அவள் தாயார், "இது எத்தனை வருஷமா இங்கே இருக்குது?" என்று என்னைக் கேட்டார். கோவில் பதிவேட்டில் அடக்கம் செய்யப்பட்டவர் ஒவ்வொருவரின் தேதியும் இருக்கிறது. மரத்தின் தேதி இல்லை.

கருவேலை அகற்றி, நடைபாதையை மட்டும் சீராக்கி, மதிலோரத்து மூன்று மரங்களையும் அவற்றைச் சுற்றி இரண்டு சென்ட் நிலத்தையும் அப்படியே விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பேரவை கூடுகிறது. சிறுமியிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.