இலவசம் என்றால் பெயரற்றது என்று பொருளன்று

கணினி விளையாட்டில் ஒலிக்கும் ஒரு கதவுச் சத்தத்துக்காக இலக்கிய வாசகர்களிடம் வாதாட வருவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் ஒரு கவிதை எழுதியவர் பெயரின்றி மறுபதிப்பானால் கொதித்தெழும் நாம், அதே களவு ஒலியில் நிகழும்போது மட்டும் வாளாவிருப்பது நியாயமன்று.

'மழையின் ஓசைக்கு யார் சொந்தக்காரர்?' என்று கேட்கிறார்கள். இணையத்தில் கிடைத்த ஒலிக்கோப்புகளைத் தம் விளையாட்டில் சேர்த்துவிட்டு, எவர் பெயரையும் குறிப்பிடாதவர்கள் சொல்லும் சமாதானம் இது. மழை எவருக்கும் சொந்தமன்று, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நள்ளிரவில் தகரக் கூரையின் கீழ் ஒலிவாங்கியோடு நின்று, நாய்க்குரைப்பு அடங்கும்வரை காத்திருந்து, பதிவுசெய்து, இரைச்சல் நீக்கி, நாற்பது விநாடியாகச் செதுக்கியவருக்கு அந்தப் பதிவு சொந்தம். மழையைப் பற்றி எவரும் எழுதலாம் என்பதற்காக, ஒருவர் எழுதிய மழைக் கவிதையை நாம் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடியுமா?

குழப்பத்தின் வேர் 'இலவசம்' என்னும் சொல்லில் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே காசு கேட்பவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒலியின் அருகிலும் அதற்குரிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வகை உரிமம் எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. இன்னொன்று, மாற்றலாம், விற்கலாம், ஆனால் ஆக்கியவர் பெயரையும் உரிமத்தையும் செய்த மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. மற்றொன்று வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. விலைக்கு விற்கும் விளையாட்டில் சேர்க்க வேண்டுமானால் ஆக்கியவரிடம் தனியே அனுமதி பெறவேண்டும். பிபிசி 2018இல் 16,000க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவிறக்கத் திறந்துவிட்டபோதும், தனிப்பட்ட, கல்வி, ஆய்வுப் பயன்பாடுகளுக்கே அனுமதி தந்தது. இவை அனைத்தையும் ஒரே கூடையில் அள்ளிப்போடுவதை அறியாமை என்று மன்னிக்க இயலாது. படிக்க எடுக்கும் நேரம் சில நிமிடங்களே.

'இத்தனை சிறிய ஒலிக்கு இவ்வளவு சட்டமா?' என்பது அடுத்த கேள்வி. ரோப்லாக்ஸில் பாத்திரம் சாகும்போது எழுந்த 'ஊஃப்' என்னும் முனகல் கணநேரமே நீடிப்பது. அது 2000இல் வெளிவந்த 'மெசையா' என்ற விளையாட்டுக்குரிய ஒலி என்பது பின்னர் தெரியவந்தது. உலகெங்கும் சிறுவர்கள் நெஞ்சில் பதிந்துவிட்ட அந்த ஒலியை, உரிமச் சிக்கல் காரணமாக 2022இல் அந்த நிறுவனம் நீக்க வேண்டியதாயிற்று. பெருநிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், அறைக்குள் தனியாக அமர்ந்து விளையாட்டு செய்பவர் எம்மாத்திரம்?

உரிமங்களிலும் குறை உண்டு என்பதை மறைக்கமாட்டோம். இலவசமாகத் தரப்பட்டு, விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் விளையாட்டு வணிகமா, இல்லையா? 'வணிகமல்லாத' என்ற சொல் இங்கே தெளிவைவிடத் தயக்கத்தையே விளைவிக்கிறது. தம் ஒலி பரவவேண்டும் என்று விரும்புவோர் பெயர் மட்டும் கேட்கும் உரிமத்தைத் தெரிவதே நன்று. பிறர் திரைப்படத்திலிருந்து வெட்டியெடுத்ததைத் தமதென்று பதிவேற்றுவோரும் இருக்கிறார்கள். தமக்கில்லாத உரிமையை எவரும் பிறருக்கு வழங்க முடியாது. அத்தகைய கோப்பை நம்பி எடுத்தவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறார்.

ஆனால் இந்தக் குறைகள் பெயரை விழுங்குவதற்குச் சாக்காகா. ஒலியை எடுத்த அன்றே கோப்பின் பெயர், ஆக்கியவர், முகவரி, உரிமம், பதிப்பு எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும். தவறியவருக்கும் வழி உண்டு. 2013இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் நான்காம் பதிப்பு, மீறலை அறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் இழந்த உரிமையை மீட்டுத் தருகிறது. இதைவிட இரக்கமுள்ள சட்டத்தை எங்கே தேடுவது?

பாரதி படைப்புகளின் பதிப்புரிமை 1949இல் அரசுக்கு வந்து, பின்னர் மக்களுக்குப் பொதுவானது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள். ஆனால் பாரதியின் பெயரை எவரும் எடுத்துவிடவில்லை. காசு வாங்காமல் கொடுத்தவர் கேட்கும் ஒரே கூலி அவர் பெயர். அதையும் கொடுக்க மறுப்பவர், தம் விளையாட்டைப் பிறர் திருடிவிட்டதாக நாளை முறையிட வந்தால், நாம் என்ன பதில் சொல்வது?