பையனூரில் எத்தனை வீடு?

சென்னையில் ஏதாவது சினிமா விழாவுக்குப் போய்விட்டுச் சதுரங்கப்பட்டினம் திரும்பினால், டச்சுக் கோட்டைக்கு அருகே டீ குடிக்கும் இடத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யார் யார்ணா வந்திருந்தாங்க?" தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுபவன் நான். வந்தவர்களின் பெயரைச் சொல்வேன். கேட்டவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அங்கே என்ன அறிவித்தார்கள், போன தடவை அறிவித்தது என்ன ஆயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் கேட்காததில் தவறில்லை. தொழிலுக்குள் இருக்கும் நாங்களும் கேட்பதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

உள்ளே இருந்து பார்க்கும்போது விழா வேறு மாதிரி தெரியும். பாஸின் நிறத்தைப் பார்த்தே ஒருவருக்குத் தொழிலில் என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். முன்வரிசை நட்சத்திரங்களுக்கும் முதல் போட்டவர்களுக்கும். அடுத்தது விநியோகஸ்தர்கள், சேனல்காரர்கள். லைட்மேன், மேக்கப் உதவியாளர், புரொடக்‌ஷன் பையன்கள் மேல்கேலரியில். ஆறு மணி என்று அச்சடித்த விழா, கேமரா தயாரான பிறகுதான் தொடங்கும். தொகுப்பாளர் கைதட்டச் சொன்னால் தட்ட வேண்டும். எடிட்டிங்கில் வேறு இடத்தில் ஒட்டுவதற்காக, யாரும் பேசாத நேரத்திலும் கைதட்டலைப் படம் பிடித்துக்கொள்வார்கள். ஒளிபரப்பு உரிமை விற்கப்பட்ட நிகழ்ச்சியில் கேலரியும் காட்சியின் ஒரு பகுதிதான்.

முன்பு இப்படி இல்லை. 1958-இல் 'நாடோடி மன்னன்' வெற்றிக்கு மதுரையில் விழா எடுத்து எம்.ஜி.ஆருக்குத் தங்கவாள் கொடுத்தார்கள். அது படம் ஓடிய பிறகு நடந்த விழா. நூறாவது நாள், வெள்ளிவிழா எல்லாமே அப்படித்தான். அந்த மேடைகளில் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் கேடயம் உண்டு. பழைய ஒளிப்பதிவு உதவியாளர் ஒருவர் வீட்டு அலமாரியில் தூசு துடைத்து வைத்த கேடயங்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று பெரிய விழா என்றால் இசை வெளியீடு. படம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. உழைத்தவருக்கு நன்றி சொல்வதற்காகக் கூடிய இடம், டிக்கெட் வாங்கப்போகிறவரை அழைக்கும் இடமாக மாறிவிட்டது. மேடை பெரிதானதைவிட இந்த மாற்றம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

2008-இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சான் வந்தார். 2014-இல் 'ஐ' விழாவுக்கு அர்னால்ட் வந்தார். 2017-இல் '2.0' விழா துபாய்க்கே போனது. 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தால் 'மாஸ்டர்' இசை வெளியீடு ரசிகர்களே இல்லாமல் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்து நேரலையாக வீடுகளுக்கு வந்தது. கூட்டம் இல்லாமலே விழா நடத்தலாம் என்பது அன்று தெரிந்துபோயிற்று. 2023-இல் 'லியோ' விழா ரத்தானதற்குத் தயாரிப்பாளர்கள் சொன்ன காரணம், பாஸ் கேட்டு வந்தவர்கள் அளவுக்கு மீறிவிட்டார்கள், பாதுகாப்பு சிக்கலாகிவிட்டது என்பது.

இவையெல்லாம் வியாபாரம். வியாபாரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மனத்தை விட்டுப் போகாத விழா வேறு ஒன்று.

2010 பிப்ரவரியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அன்றைய முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் பாராட்டு விழா எடுத்தது. அந்த விழாவை அஜித் பேசிய பேச்சுக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். விழாக்களுக்கு வரச் சொல்லி நடிகர்களை மிரட்டுகிறார்கள் என்று முதல்வரை வைத்துக்கொண்டே அவர் சொன்னார். ரஜினிகாந்த் எழுந்து நின்று கைதட்டினார். மேல்கேலரியில் எங்களைச் சுற்றி ஒரு நொடி அமைதி, பிறகு பெரும் இரைச்சல். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் தேநீர் இடைவேளைகளில் மட்டும் பேசிக்கொண்டதை ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டார். விழாவுக்காகப் படப்பிடிப்பு நின்றால் நட்சத்திரத்துக்குக் கால்ஷீட் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அன்றாடச் சம்பளக்காரருக்கு அன்றைய கூலியும் பேட்டாவும் போய்விடும். அஜித் கேட்ட உரிமை, வராமல் இருப்பதற்கான உரிமை, உண்மையில் அவரைவிட லைட்மேனுக்குத்தான் அதிகம் தேவை.

ஆனால் அந்தப் பேச்சின் பரபரப்பில் இன்னொன்று காணாமல் போனது. விழா எதற்காக நடந்தது என்பதுதான் அது. திரைப்பட, சின்னத்திரைத் தொழிலாளர்கள் வீடு கட்டிக்கொள்ளப் பையனூரில் ஏறத்தாழ 90 ஏக்கர் நிலம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லத்தான் அந்த விழா. பெப்சி என்று நாங்கள் சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள், சுமார் 25,000 உறுப்பினர்கள். வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வாடகை வீடுகளில் இருப்பவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வேலை இல்லாத மாதத்திலும் வாடகை நிற்காது.

பையனூர் எனக்குத் தூரத்து ஊர் அல்ல. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் பழைய மாமல்லபுரம் சாலைக்குத் திரும்பினால் சிறிது நேரத்தில் வந்துவிடும். சென்னைக்கு வேலைக்குப் போகும் நாள்களில் எனக்கு அதுதான் வழி. அந்த நிலத்தில் படப்பிடிப்புத் தளம் எழுந்தது. திறப்பு விழாவும் நடந்தது. அரங்கில் அன்று கைதட்டியவர்களுக்குச் சொன்ன வீடுகள் மட்டும் எழவில்லை. முதல் ஒதுக்கீட்டின் கெடுவே கடந்துபோய், 2025 பிப்ரவரியில் அதே நிலத்துக்குப் புதிய அரசாணை வழங்க வேண்டியிருந்தது. இடையில் 15 ஆண்டுகள். 2010-இல் 45 வயதில் இருந்த ஒரு தொழிலாளிக்கு 2025-இல் அறுபது. டிராலி தள்ளவோ, பரணில் ஏறி விளக்குக் கட்டவோ முடியாத வயது.

இந்தத் தாமதத்தை ஒரு கட்சியின் தலையில் போட்டுவிட்டு நாங்கள் நழுவ முடியாது. இடையில் ஆட்சிகள் மாறின, சங்கங்களின் நிர்வாகிகளும் மாறினார்கள். நிலம் வாங்கிய விழாவுக்கு அத்தனை பேரைத் திரட்ட முடிந்த எங்கள் சங்கங்களால், அடுத்த ஆண்டு அதே நாளில் நூறு பேரைக் கூட்டி "வேலை எதுவரை வந்திருக்கிறது" என்று கணக்குச் சொல்ல முடியவில்லை. கேலரியில் இருந்த நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் எங்களுக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விஜயகாந்த் நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்திய நட்சத்திரக் கலைவிழாக்களின் வருமானத்தில் சங்கத்தின் கடன் அடைந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த விழாக்களை எங்கள் ஆட்கள் நன்றியோடு பேசுகிறார்கள். யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்பதைக்கூட மறந்துவிட்டார்கள். கடன் அடைந்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. யார் கையிலும் ஒளிபரப்பு உரிமை இல்லாத விழாக்கள் அப்படியே தள்ளிப்போகும். 2009 முதல் 2014 வரையிலான தமிழக அரசின் திரைப்பட விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. சின்னத்திரை விருதுகளும் கூடவே காத்திருந்தன. தொடர்களில் நடிப்பவருக்கும் எழுதுபவருக்கும் அரசு தரும் முக்கியமான மேடை அது.

எந்த மேடையிலும் சொல்லப்படாத பெயர்களும் உண்டு. 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். ஒவ்வொரு இசை வெளியீட்டிலும் "இந்தப் படத்துக்காக உழைத்த அத்தனை தொழிலாளர்களுக்கும்" என்று ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியம் முடிந்ததும் கைதட்டல். பெயர் எதுவும் இருக்காது.

புதிய அரசாணை வந்தாயிற்று. இனிப் பையனூரில் அடிக்கல், பூமி பூஜை, திறப்பு என்று விழாக்கள் வரிசையாக வரும். நிர்வாகிகளிடம் நான் வேண்டுவது மூன்று. விழாவை நேரு அரங்கில் வைக்காமல் அந்த மண்ணிலேயே வையுங்கள். முன்வரிசையில் வீட்டுக்காகப் பெயர் பதிந்த குடும்பங்களை உட்கார வையுங்கள். எந்த வீட்டுத் தொகுப்பு எந்த மாதம் முடியும், அதற்கு எவ்வளவு பணம் கையில் இருக்கிறது என்பதை மேடையில் வாசித்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதியும் ஒட்டுங்கள்.

தோழர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்குப் பாஸ் கொண்டுவந்து கொடுப்பவரிடம், அதை வாங்கும்போதே கேளுங்கள்: பையனூரில் இதுவரை எத்தனை வீடு?